கட்சி வேண்டாம், ஊரே ஆளட்டும் என்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்சிகளை ஒழித்துவிட்டு மக்களே கூடி முடிவெடுக்க வேண்டும் என்று யாராவது பேசினால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் ஊராட்சித் தலைவர் எந்தச் சின்னத்தில் ஜெயித்தார்? பாதிப் பேருக்கு நினைவிருக்காது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் தேர்தலில்தான் கட்சிச் சின்னம் வரும். அதாவது சுமார் 12,500 ஊராட்சிகளில் கட்சியில்லாத் தேர்தல் சட்டப்படி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. போதாததற்கு கிராம சபை வேறு. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் அதில் உறுப்பினர்கள். முன்பு வருடத்துக்கு நான்கு முறை கூடியது, 2022 முதல் ஆறு முறை.

சரி, கட்சி போய்விட்டதா? தலைவர் வேட்பாளர் எந்தக் கட்சிக்காரர் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்னும் சில ஊர்களில் தேர்தலுக்கே வேலையில்லாமல் தலைவர் பதவி ஏலத்துக்குப் போகிறது. கோயில் திருப்பணிக்கு யார் அதிக லட்சம் தருகிறாரோ அவர் தலைவர், மற்றவர்கள் மனு போடக் கூடாது. மாநிலத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறது, ஒவ்வொரு முறையும் எங்காவது நடக்கிறது. அங்கே கட்சிக்கொடி கிடையாது. ஊரே கூடித்தான் முடிவெடுக்கிறது, அதுவும் ஒருமனதாக.

கட்சி போனால் அதிகாரமும் போய்விடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. கட்சி எழுந்துபோன நாற்காலியில் யாராவது உட்காரத்தான் செய்வார்கள்.

அண்டை நாடுகளில் இதைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். நேபாளத்தில் 1960 டிசம்பரில் மன்னர் மகேந்திரா தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கலைத்தார். கட்சிகள் தடை செய்யப்பட்டன. 1962-இல் வந்த புதிய அரசியல் சட்டம் அமைத்தது ‘கட்சியற்ற பஞ்சாயத்து’ முறையை. கிராமப் பஞ்சாயத்திலிருந்து படிப்படியாக மேலே போகும் அமைப்பு, கேட்க நன்றாகத்தான் இருக்கும். படியின் உச்சியில் மன்னர் உட்கார்ந்திருந்தார். 1990-இல் மக்கள் தெருவில் இறங்கி அதை முடித்துவைத்தார்கள். எதற்குத் தெரியுமா? கட்சிகள் திரும்பி வர வேண்டும் என்று! பாகிஸ்தானில் அயூப் கான் 1959-இல் ‘அடிப்படை ஜனநாயகம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்படும் 80,000 பேர், ஜனாதிபதியையும் அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் அயூப் கானையே தேர்ந்தெடுத்தார்கள். லிபியாவில் கடாஃபி 1977 முதல் நாடு முழுக்க மக்கள் மன்றங்கள் வைத்திருந்தார். கட்சி தொடங்குவது அங்கே குற்றம்.

சர்வோதயத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணை இந்த வரிசையில் சேர்க்க முடியாது. கட்சியில்லா ஜனநாயகத்தை அவர் உண்மையாகவே நம்பினார், பல வருடம் அதைப் பற்றியே பேசினார், எழுதினார். ஆனாலும் 1977-இல் தேர்தல் அறிவிக்கப்பட்டு, நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த இந்திரா காந்தியைத் தோற்கடிக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது அவர் செய்த காரியம், சிதறிக் கிடந்தவர்களைச் சேர்த்து ஜனதா என்ற கட்சியை உருவாக்கத் துணை நின்றது. இதை அவருடைய சறுக்கலாக நான் பார்க்கவில்லை. பெரிய அதிகாரத்தை எதிர்க்க அமைப்பு வேண்டும், வேறு நல்ல அமைப்பு கையில் இல்லை, அவ்வளவுதான்.

ஊர் என்றால் யார்?

ஆங்கிலத்தில் ‘கம்யூனிட்டி’ ஆளட்டும் என்று எழுதுவது சுலபம். நம் ஊரில் கம்யூனிட்டி சர்டிஃபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ். ‘உங்க சமூகம் என்ன?’ என்று ஒருவர் கேட்டால் எதைக் கேட்கிறார் என்று நமக்குத் தெரியும். ‘சமூகமே முடிவெடுக்கட்டும்’ என்ற வாசகத்தை இந்த மண்ணில் சொல்லும்போது அது கேட்பவர் காதில் எப்படி விழும் என்பதை யோசிக்காமல் பேசுவது இரண்டாவது தவறு. என்னைக் கேட்டால் இதுதான் ஆகப் பெரிய தவறு.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளிலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதும் ‘ஊர்’ கூடி முடிவெடுத்தது: தேர்தல் வேண்டாம். யாரும் மனுப் போடவில்லை, அல்லது போட்டு ஜெயித்தவர் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்தார். 1996 முதல் 2006 வரை பத்து வருடம் இப்படியே ஓடியது. அதே மதுரை மாவட்டத்து மேலவளவில் துணிந்து நின்று ஜெயித்த தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த ஊர்களில் ஊர்க்கூட்டம் போட்டுக் கைதூக்கச் சொல்லியிருந்தால் என்ன தீர்ப்பு வந்திருக்கும்? 2006 அக்டோபரில் அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்ததற்கு மாவட்ட நிர்வாகம், சில கட்சிகள், இயக்கங்கள் என வெளியிலிருந்து பலர் கொடுத்த அழுத்தம் காரணம். ஊர் தானாக மனம் மாறி வழிவிட்டதாகச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் யாராவது உத்திரமேரூரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே தமிழன் நேரடி ஜனநாயகம் கண்டான், குடவோலை முறையைப் பார் என்பார்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் அவை, 919, 921 என இரண்டு ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. படித்தால் அசந்துபோவீர்கள், அதில் சந்தேகமில்லை. முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள், குடத்தில் ஓலை, ஒரு சிறுவன் எடுத்துத் தருவான். பதவி ஒரு வருடம்தான். முன்பு வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது, அவன் நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் இன்றைக்குக் கொண்டுவந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்! ஆனால் ஓலையில் பெயர் வர வேண்டுமானால் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-லிருந்து 70-க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிரம்மதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. பெண்ணுக்கும் உழுதவனுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. இன்னொன்று, குலுக்கிப் போட்டு ஆளை எடுப்பதும் எல்லோரும் கூடி முடிவெடுப்பதும் வேறுவேறு முறைகள். உத்திரமேரூரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கணக்கு விதியை. பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு விதியை விட்டுவிடுகிறோம்.

இது நம் சாதி நோய் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். நேரடி ஜனநாயகத்துக்குப் பேர்போன சுவிட்சர்லாந்தில் அப்பென்ட்ஸெல் இன்னர்ரோடன் என்ற சின்ன மாகாணம் இருக்கிறது. இன்றும் வருடத்துக்கு ஒருமுறை மக்கள் சதுக்கத்தில் கூடிக் கைதூக்கி முடிவெடுக்கிறார்கள். ஓட்டுரிமைக்கு அடையாளமாக ஆண்கள் இடுப்பில் வாள் செருகி வருவது அங்கே பழைய வழக்கம். நாட்டளவில் பெண்களுக்கு 1971-இல் ஓட்டு வந்துவிட்டது. மாகாண விஷயங்களில் அவர்களுக்கு ஓட்டுத் தர இந்தச் சதுக்கம் திரும்பத் திரும்ப மறுத்தது. கடைசியாக 1990 ஏப்ரலிலும் வேண்டாம் என்றே ஆண்கள் கைதூக்கினார்கள். அதே வருடம் நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் பெண்களுக்கு அந்த ஓட்டு வந்தது. கூட்டத்துக்கு மேலே ஒரு சட்டம், ஒரு நீதிமன்றம் இல்லாமல் நேரடி ஜனநாயகம் பேசக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கூட்டம் கூடினால் போதும் என்பது

எங்கள் ஊராட்சி கிராம சபையில் நான் பார்த்தது இது. பள்ளிக்கூட வளாகத்தில் பந்தல், நாற்காலி, மைக். பத்தரை மணிக்கு நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களைக் கூட்டி வந்து உட்காரவைத்தார்கள். ஆள் எண்ணிக்கைக்கு அவர்கள்தான் ஆதாரம். தலைவர் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. என்னிடம் வந்தபோது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கையெழுத்துகள் வரிசையாக இருந்தன, தீர்மானம் இருக்க வேண்டிய பக்கங்கள் வெறுமையாக இருந்தன. “என்ன தீர்மானம்னு எழுதலையே?” என்றேன். “அதெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்ண்ணே, நீங்க போடுங்க. வெயில் ஏறுது” என்று பதில் வந்தது. பக்கத்தில் இருந்த அக்கா என்னைப் பார்த்து, “போட்டுருப்பா, அப்பதான் எங்கள விடுவாங்க” என்றார். போட்டேன். அதை இன்றுவரை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிராக ஓர் ஊர் உண்டு. மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா என்ற கோண்டு பழங்குடிக் கிராமம். ‘டெல்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு’ என்ற முழக்கம் அங்கே பிறந்தது. முடிவுகளை ஓட்டுப் போட்டு எடுக்க மாட்டார்கள், எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசுவார்கள். 2009-இல் வன உரிமைச் சட்டப்படி சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது ஊருக்குப் பொதுவான உரிமை வாங்கினார்கள். வெளியிலிருந்து போய்ப் பார்க்கிறவர்கள் கிராம சபையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே படிப்பு வட்டம் என்று தனியாக ஒரு கூட்டம் நடக்கும். அதில் விஷயத்தைப் படிப்பார்கள், சட்டம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், சண்டை போடுவார்கள். முடிவு மட்டும் எடுக்க மாட்டார்கள். முடிவெடுப்பது சபையின் வேலை. அலசுவதையும் தீர்மானிப்பதையும் இப்படிப் பிரித்துவைத்ததால் சபைக்கு வருகிறவர் வெறும் கையோடு வருவதில்லை.

ஆனால் மேண்டா நூற்றுச் சொச்சம் வீடுகள்கூட இருக்குமோ என்னவோ என்கிற அளவுக்குச் சின்ன ஊர். ஏழெட்டுக் குக்கிராமங்களைச் சேர்த்த நம் ஊராட்சியில் ‘எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை’ என்றால், கூலிக்குப் போகிறவர் முதலில் எழுந்துபோவார், நேரம் இருக்கிறவர் வைத்ததுதான் சட்டம். கைதூக்குவதிலும் இதே சிக்கல்தான். நிலத்துக்காரர் முன்னால் அவரிடம் வேலை செய்கிறவர் எப்படிக் கையைத் தூக்குவார்? பெரிய விஷயங்களுக்கு ரகசிய ஓட்டு வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்தி மக்கள் தீர்ப்பு என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அங்கே அட்மின்தான் மாவட்டச் செயலாளர்.

பல்லில்லாத தீர்மானம்

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகளில் கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரத்தில் 2022 முதல் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராகக் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போடுகிறார்கள். திட்டம் தன் பாட்டுக்கு நகர்ந்தது. இரண்டு ஊர் மக்களின் உறுதியிலும் குறைவில்லை. நியம்கிரியில் வன உரிமைச் சட்டம் இருந்தது, கிராம சபையைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஏப்ரலில் சொல்லியிருந்தது. ஏகனாபுரத்தின் தீர்மானத்துக்குப் பின்னால் அப்படி ஒரு பிடிமானம் இல்லை. எந்தெந்த விஷயத்தில் சபையின் சொல் கட்டுப்படுத்தும், எதில் அது வெறும் கோரிக்கை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் கூட்டம் போட்டால், நாலாவது கூட்டத்துக்கு ஆள் வராது.

பணமும் அப்படித்தான். கேரளத்தில் 1996-இல் உள்ளூர்த் திட்டங்களை மக்களே தீட்டும் ‘மக்கள் திட்டம்’ தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். அங்கே கிராம சபை வார்டுக்கு வார்டு கூடும். பேசுவதற்குக் காசு இருந்ததால் பேச்சுக்கு மரியாதை இருந்தது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இல் மக்களே பட்ஜெட் போடும் முறையை ஆரம்பித்ததும் இப்படித்தான், நிஜமான பணத்தை மேசையில் வைத்து.

இந்த இரண்டையும் கொண்டுவந்தது யார் என்று பாருங்கள். கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி, போர்ட்டோ அலெக்ரேவில் தொழிலாளர் கட்சி. கட்சி எதிர்ப்பாளர்கள் இந்தத் தகவலைக் கண்டும் காணாமல் போவார்கள். சபைக்குப் பணத்தையும் அதிகாரத்தையும் எழுதிக் கொடுக்கும் சட்டம் சட்டமன்றத்தில்தான் வர வேண்டும், அங்கே கட்சிகள் இருக்கின்றன. அவர்களை விரட்டுவதை விட, கிராம சபை மைக்கிலிருந்தும் பயனாளி பட்டியலிலிருந்தும் தள்ளி நிற்கவைப்பது நடக்கக்கூடிய காரியம்.

அடுத்த கிராம சபைக்கு நான் ஒரே ஒரு கோரிக்கையோடு போகப் போகிறேன். போன கூட்டத்தின் தீர்மானங்களை முதலில் வாசியுங்கள் என்று கேட்கப்போகிறேன். நான் கையெழுத்துப் போட்ட அந்த வெற்றுப் பக்கத்தில் அப்புறம் என்ன எழுதினார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.