மலைநாட்டில் குதிரை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

நுவரெலியாவில் விலைக்கு வாங்கவோ, இலவசமாகப் பெற்று வளர்க்கவோ குதிரை தேடுபவரின் கண்ணில் முதலில் படுபவை, பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்த உயர்சாதிக் குதிரைகளும், கிரகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து பழகிய மட்டக் குதிரைகளுமே ஆகும். முதன்முறையாகக் குதிரை வளர்ப்பவர் பந்தயக் குதிரையின் மினுமினுப்பில் மயங்காமல், 8 முதல் 15 வயதுக்குட்பட்ட, பலர் ஏறிப் பழகிய சாதுவான குதிரையைத் தெரிவு செய்வதே நல்லது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள இவ்வூரில், மழைக்காலத்தில் நிலம் காய்வதே அரிது என்பதால், குளம்பைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். காலைத் தூக்கி, அடிப்புறத்தில் முக்கோண வடிவிலுள்ள மென்மையான பகுதியை முகர்ந்து பாருங்கள். அது கறுத்துக் கசிந்து அழுகல் நாற்றம் வீசினால், லாயம் நெடுநாளாகச் சுத்தம் செய்யப்படாமல் இருந்திருக்கலாம். பின்னர், தார்ச் சாலையில் குதிரையைத் துள்ளுநடையில் ஓடச் செய்யுங்கள். நோவுள்ள முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் அது தலையை மேலே தூக்கும். சரிவில் இறங்கும்போது தயங்கித் தயங்கிக் கால் வைக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நெற்றிச் சுழி பார்த்து விலை பேசும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்; சுழியை அவர்களிடமே விட்டுவிட்டு, நீங்கள் பல்லைப் பாருங்கள். நிலையான வெட்டுப் பற்கள் 5 வயதளவில் முளைத்து முடிந்துவிடும். அதன் பின்னர் தேய்மானத்தைக் கொண்டு வயதை மதிப்பிடலாமேயன்றி, உறுதியாகச் சொல்ல இயலாது. ஓய்விலிருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டும். ஏறுபவரும் சேணமும் சேர்ந்த எடை, குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இலவசமாகத் தருகிறார்கள் என்றாலும், விலை பேசுவதற்கு முன் செய்வதைப் போலவே மிருக வைத்தியர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டுங்கள்.