மூட்டு உளைவுக்குப் பின்னால் இருக்கும் நோய்: லூபஸிலும் நாள அழற்சியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூட்டு உளைந்தால் எங்கள் வீடுகளில் முதலில் பூச்சு மருந்து, பிறகு பனடோல், அதற்கும் கேட்காவிட்டால் பரியாரியாரின் எண்ணெய். 2006இல் சிக்குன்குனியா பரவியபோது மாதக்கணக்கில் மூட்டு நொந்தவர்கள் பலர். அதனால் எந்த உளைவு வந்தாலும் "பழைய காய்ச்சலின் மிச்சம்" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது ஆபத்தில்லாத உளைவுதான். ஆனால் ஒரு இளம் பெண்ணுக்குக் காலையில் எழும்பி ஒரு மணித்தியாலம் கழிந்தும் விரல் மடங்கவில்லை, வெயிலில் போய்வந்தால் கன்னம் சிவக்கிறது, வாய்க்குள் நோகாத புண், தலைமயிரும் கொட்டுகிறது என்றால் லூபஸை, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோயை, நினைக்க வேண்டும். இந்த நோய் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, இவற்றைப் பிரித்துப் பிரித்துச் சொல்வது. தோலுக்கு ஒரு டொக்டர், மூட்டுக்கு இன்னொருவர், மயிர் கொட்டுவதற்குப் பக்கத்து வீட்டு அன்ரி சொன்ன எண்ணெய். லூபஸ் போன்ற இணைப்பிழைய நோய் உடம்பில் பல இடங்களில் ஒன்றாக வேலை செய்யும். எல்லாவற்றையும் ஒருவர் சேர்த்துக் கேட்டால்தான் பிடிபடும். வந்ததையெல்லாம் திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். கிளினிக் நாளன்று தடிப்பு மறைந்திருக்கும், ஆகவே கண்டவுடன் போனில் படம் எடுத்து வையுங்கள். பிரிட்ஜில் இருந்து மீனை எடுக்கும்போது விரல் வெள்ளையாகி, நீலம் பாரித்து, பிறகு சிவந்தால் அதையும் படம் எடுங்கள். குளிருக்கு விரல் நுனி இரத்த நாளங்கள் அளவுக்கு மீறிச் சுருங்குவதன் அடையாளம் அது. தனியாகவும் வரும், ஆனால் லூபஸிலும் தோல் இறுகும் நோயிலும் முன்னறிவிப்பாகவும் வரும்.

அடுத்தது பரிசோதனை. ஏஎன்ஏ (தன் உடம்பின் கலங்களுக்கே எதிரான பிறபொருளெதிரியைத் தேடும் இரத்தப் பரிசோதனை) 'பொசிட்டிவ்' என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து அழுதுகொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். லூபஸ்காரர் அநேகமாக எல்லோருக்கும் அது பொசிட்டிவாக இருக்கும், உண்மை. ஆனால் குறைந்த அளவில் சுகதேகிகள் பலருக்கும் அது பொசிட்டிவாக வரும். அறிகுறி இல்லாமல் அந்த ஒரு தாளை வைத்து நோய் என்று முடிவு கட்டக்கூடாது. அதேநேரம், விலை குறைந்த சலப் பரிசோதனையைப் பலர் செய்யாமல் விடுகிறார்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது நோகாது. சலத்தில் புரதம் போவதும் பிறஷர் ஏறுவதும்தான் முதல் தடயம். அந்த நிலையில் பார்மசியில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக் போன்ற நோவுக்குளிசைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

நாள அழற்சி என்ற, இரத்த நாளங்களைத் தாக்கும் நோய்களில் தவறவிடுவது இன்னும் இலகு. 1908இல் ஜப்பானியக் கண் வைத்தியர் தகாயாசு விவரித்த நோய் இளம் பெண்களின் பெருநாடியையும் அதன் கிளைகளையும் தடிக்க வைக்கும். தேங்காய் துருவும்போது ஒரு கை மட்டும் சோர்ந்து நோகும், அந்தக் கையில் நாடி பிடிபடாது. பிறஷரை அந்தக் கையில் மட்டும் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலையிடி, சாப்பாடு மெல்லும்போது தாடை நோவு, பார்வை மங்கல் என்றால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தலை நாளங்களைத் தாக்கும் இந்த அழற்சிக்குத் திசுப் பரிசோதனையின் முடிவு வருமுன்பே மருந்து தொடங்க வேண்டும். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது.

சரி, மருந்து தொடங்கியாயிற்று. முகம் ஊதுகிறது என்று பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையை ஒரே நாளில் நிறுத்துவதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. மூன்று கிழமைக்கு மேல் எடுத்தால் உடம்பு தன்னுடைய ஸ்டீரொயிட்டைச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென நிறுத்தினால் சத்தி, மயக்கம், பிறஷர் இறக்கம் எல்லாம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். முகம் ஊதுவதை டொக்டரிடம் சொல்லுங்கள், அளவைப் படிப்படியாகக் குறைப்பார். நாட்டுப் பொடி எடுப்பவர்கள் அதை மறைக்கவும் வேண்டாம். பெயரில்லாத சில பொடிகளில் ஸ்டீரொயிட் கலந்திருப்பது உண்டு.

லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயினைக் கண்ணுக்குப் பயந்து கைவிடுபவர்களும் உண்டு. தொடக்கத்தில் ஒருமுறையும், ஐந்து வருடம் கழிந்தபின் வருடாவருடமும் கண்ணைக் காட்டினால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். பிள்ளை தங்கியவுடன் அதை நிறுத்தச் சொல்லும் மாமிமாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்: கர்ப்பத்தில் தொடர வேண்டிய மருந்து அது. மாற்ற வேண்டியது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோபெனலேட் போன்றவற்றை, அதுவும் பிள்ளைக்கு முயல்வதற்கு ஆறு கிழமைக்காவது முன்னர். ஆகவே அந்தக் கதையைக் கலியாணம் பேசும்போதே கிளினிக்கில் தொடங்குங்கள்.