மன்றோத்துருத்துக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லம் நகரிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது மன்றோத்துருத்து. திருப்பூந்துருத்தி என்ற ஊர்ப்பெயரில் நாம் இன்றும் வைத்திருக்கும் துருத்திதான் மலையாளத்தில் துருத்து; ஆற்றிடையே எழுந்த திட்டு என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் ரெசிடெண்டாகவும் (ஆங்கிலேய அரசின் பிரதிநிதி) திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர் அதனோடு சேர்ந்துகொண்டது. சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறொருவர்.

அமைதியை நாடித் தமிழ்நாட்டிலிருந்து அங்கே செல்கிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்களில் பலர் செய்யும் முதல் தவறு, வர்க்கலைக்கும் ஆலப்புழைக்கும் நடுவே கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில், அதுவும் நண்பகலில், தீவைப் பார்த்துவிட நினைப்பது. உச்சி வெயிலில் பறவைகள் நிழலில் ஒடுங்கிவிடும். நீரின் ஒளி கண்ணைக் கூசச் செய்யும். தென்னந்தோப்புகளுக்கு நடுவே புழுக்கம் தாங்காது. விடியும் முன்பே வள்ளம் என்னும் சிறு படகில் ஏறினால் நீர்க்காகங்கள் இறக்கை விரித்துக் கம்பங்களில் அமர்ந்திருப்பதையும், செம்பருந்து காயல்மேல் தாழப் பறப்பதையும் காணலாம். ஆகவே ஓர் இரவாவது தங்குங்கள். மாலை நான்கு மணிக்குமேல் வாய்க்கால் ஓரப் பாதைகளில் நடப்பதற்கும், எதுவும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பதற்கும் அந்த ஓர் இரவு தேவைப்படுகிறது.

இதைவிடப் பெரிய தவறு, நீரின் நேரத்தைக் கேட்காமல் போவது. அஷ்டமுடி, நீண்டகரையில் கடலோடு திறந்திருக்கும் காயல். கடல் ஏறினால் காயல் ஏறும். காயல் ஏறினால் தீவின் வாய்க்கால்கள் எல்லாம் ஏறும். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், தீவு அவ்வளவு தாழ்வானது என்பதால் அந்தச் சிறு அளவே அங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வாய்க்கால்களின் குறுக்கே உள்ள நடைபாலங்கள் சில மிகவும் தாழ்வானவை. வள்ளக்காரர் கழியை மடியில் கிடத்திக்கொண்டு குனியச் சொல்வார். முழங்காலில் நெற்றி படும்படி மடங்கினால்தான் பாலத்தின் அடிப்பகுதி முதுகை உரசாமல் கடந்து செல்லும். நீர் உச்சத்தில் இருக்கும்போது அந்த இடைவெளியும் இராது, வேறு வழி சுற்ற வேண்டும். நீர் ஏறும் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன மாதம் சென்றுவந்த நண்பர் சொன்ன நேரம் உங்களுக்குப் பயன்படாது. தங்கும் வீட்டாரிடம் முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் இன்னும் உயரும். நம் கார்த்திகை மாதத்தோடு ஒத்துவரும் விருச்சிக மாதத்து வேலியேற்றம், அதாவது கடல்நீர் ஏற்றம், கேரளக் கரையோரத்தார் அனைவருக்கும் தெரிந்த ஒன்று. அத்தகைய நாள்களில் முற்றத்தில் நீர் நிற்பதைக் கண்டு, வெனிஸ் நகரம் போல இருக்கிறதே என்று படம் எடுக்கும் பயணிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அது காட்சிக்காக வந்த நீர் அன்று. நான் தங்கிய பகுதியில் ஒரு வீட்டின் வாசலுக்கு மூன்று படிகள் இருந்தன. காலையில் ஒரு படிதான் வெளியே தெரிந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்து, சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. தீவு தாழ்ந்துவருவதற்கு அங்குள்ளவர்கள் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையைக் காரணமாகச் சொல்கிறார்கள். தென்மலையில் கல்லடையாற்றின் குறுக்கே அணை எழுந்தபின் வண்டல் வருவது குறைந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். வண்டலால் ஆன நிலத்துக்கு வண்டல் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறிவிட்டன. செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு ரயிலில் போகிறவர்கள் தென்மலையைக் கடந்துதான் போகிறார்கள். பதிமூன்று கண் பாலத்தைப் படம் எடுத்த கையோடு, அந்த மலைகளிலிருந்து இறங்கும் ஆறுதான் நாம் போகிற தீவை உண்டாக்கியது என்பதையும் எண்ணிப்பார்த்தால், பார்க்கப்போகும் இடம் வேறு விதமாகத் தெரியும்.

இங்கே வாய்க்கால் என்பது தெரு. வள்ளம் போகும் வழியின் இருபுறமும் வீடுகளின் பின்கட்டுகள். பாத்திரம் கழுவுகிறவர்களும், துணி துவைக்கிறவர்களும், தென்னை மட்டையை நீரில் ஊறப்போடுகிறவர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். கேட்காமல் அவர்கள்மேல் கேமராவைத் திருப்புவதும், சிறு டிரோனை வீட்டுக் கூரைகளுக்குமேல் பறக்கவிடுவதும், ஒலிபெருக்கியில் பாட்டு வைப்பதும் நம் வீட்டு முற்றத்தில் அந்நியர் செய்தால் நாம் பொறுக்கமாட்டாத செயல்கள். மோட்டார் படகு கேட்டு வற்புறுத்துவதையும் தவிர்க்க வேண்டும். அதன் அலை மோதி மோதித்தான் ஏற்கெனவே இளகிய மண்கரை சரிகிறது. கழியூன்றிச் செல்லும் வள்ளமே அந்த ஒடுங்கிய வாய்க்கால்களுக்கு ஏற்றது.

பாதுகாப்பில் அலட்சியம் கூடாது. வாய்க்கால் ஆழமில்லை என்று எண்ணி உயிர்காப்பு உடையைக் கழற்றி வைக்கிறார்கள், ஆனால் பல பயணங்கள் அகன்ற காயலுக்குள்ளும் நுழைந்து திரும்புபவை. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை மறக்கக் கூடாது. வள்ளத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று ஓட்டுகிறவர் சொல்கிறாரோ அதற்குமேல் ஒரு குழந்தையைக்கூட மடியில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை சட்டென்று இறங்கும் என்பதால், அந்நாள்களில் மாலைப் பயணத்தைக் கைவிட்டுக் காலையோடு நிறுத்திக்கொள்வதே சரி. ஜூன், ஜூலை மாதங்களின் பெருமழையும் அமைதியான ஓய்வுக்கு உகந்ததல்ல. டிசம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரி வரை வானிலை இதமாக இருக்கும்.

தீவுக்கென்று ரயில் நிலையம் இருப்பதைக் கண்டு எல்லா வண்டியும் அங்கே நிற்கும் என்று நம்பிவிட வேண்டாம், நிற்பவை சிலவே. கொல்லத்தில் இறங்கிக் குண்டறா வழியாகச் சாலையில் செல்வது எளிது. உணவை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், ஏனெனில் கரிமீனும் கக்கை என்னும் சிப்பியும் உங்களுக்காக வாங்கிவந்து சமைக்கப்படுபவை. நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும் அங்கே குடிநீர் அரிதானது. நகரத்து விடுதியில் திறந்துவிடுவதுபோல் குழாயைத் திறந்துவிட்டு நிற்காமல், ஒரு வாளியில் பிடித்துக் குளியுங்கள். காலி பாட்டில்களையும் தின்பண்ட உறைகளையும் ஒரு பையில் கட்டிக் கொல்லத்துக்கே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். தீவில் போட்டால் அடுத்த ஏற்றத்தில் அவை மிதந்து யாருடைய வாசற்படியிலாவது போய்த் தங்கும்.