கணினி அடிக்கடி நின்றுபோகிறதா? பழுதான பாகத்தை நீங்களே கண்டறியும் முறை

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கணினி திடீரென அணைந்துபோவதும், நீலத்திரை காட்டிவிட்டுத் தானாக மறுபடி தொடங்குவதும், எந்த விசைக்கும் அசையாமல் உறைந்து நிற்பதும் வெளிப்பார்வைக்கு ஒரே கோளாறாகத் தோன்றினாலும், அவற்றின் காரணங்கள் பெரும்பாலும் வேறுவேறானவை. அதை ஆராயாமல் விண்டோஸை அழித்துப் புதிதாகப் பதிவதும், அப்படியும் சரியாகாவிட்டால் எல்லாப் பாகங்களும் பொருந்தும் முதன்மைப் பலகையான மதர்போர்டை மாற்றுவதும் பணத்தை வீணாக்கும். சேலத்தைப் பொறுத்தவரை தூசியையும், வெப்பத்தையும், மின்சாரத்தையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் மென்மையான பெயின்ட் பிரஷ்ஷும் இருந்தால், மேசைக் கணினியில் கீழ்க்காணும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே செய்துவிடலாம்.

எதையும் தொடுவதற்கு முன் கணக்குக் கோப்புகளையும் புகைப்படங்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துவிடுங்கள். பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க், சோதனையின் நடுவிலேயே முழுமையாக நின்றுவிடக்கூடும்.

முதல் படி: குறித்து வைத்தல்

கணினி எந்த நேரத்தில் நின்றது, அப்போது என்ன வேலை நடந்தது, பக்கத்தில் தறியோ மோட்டாரோ ஓடியதா என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பிறகு விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘சிஸ்டம்’ பதிவுகளில் அதே நேரத்தைப் பாருங்கள். ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவைக் கண்டதும் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றது என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறெதையும் சொல்வதில்லை. ‘வியா லாகர்’ (WHEA-Logger) என்ற பெயரில் பிழை பதிவாகியிருந்தால், வன்பொருளே தன் கோளாறைத் தெரிவித்திருக்கிறது என்று பொருள். நீலத்திரை மறைவதற்குள் அதன் பிழைக்குறியீட்டைப் படிக்க முடியவில்லை என்றால், ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ அமைப்பில் தானாக மறுபடி தொடங்கும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் படி: வெப்பமும் தூசியும்

அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி போன்ற நெசவுப் பகுதிகளில் காற்றோடு பறக்கும் நூல் பஞ்சு, ப்ராசஸர் விசிறிக்கும் அதன் அடியிலுள்ள ஹீட்சிங்க் என்ற வெப்பம் கடத்தும் உலோகப் பாகத்தின் தகடுகளுக்கும் இடையே கம்பளம் விரித்ததுபோல் படிந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் விசிறி நன்றாகவே சுழலும். ஆனால் தகடுகளுக்குள் காற்று நுழையாது. சித்திரை, வைகாசி வெயிலில் அறையே கொதிக்கும்போது இத்தகைய கணினி நிற்காமல் ஓடினால்தான் வியப்பு.

இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை நேராக உள்ளே வீசவிட்டு, வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். அப்போது கணினி நிற்கவில்லையென்றால் காரணம் வெப்பமாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. ‘எச்.டபிள்யூ.இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் ப்ராசஸரின் வெப்பநிலையையும் பார்க்கலாம். கடும் வேலையின்போது 80 டிகிரி செல்சியஸ் வரை செல்வது இயல்பானது. 95 டிகிரியைத் தாண்டி 100ஐ நெருங்கினால் குளிர்விப்பில் குறை இருக்கிறது.

சுத்தம் செய்யும்போது மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தூசியைத் தட்டுங்கள். ஹீட்சிங்க்கைக் கழற்றினால் ப்ராசஸருக்கும் அதற்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தே மீண்டும் பொருத்த வேண்டும்.

மூன்றாம் படி: மின்சாரம்

நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டாக இருக்க வேண்டும். ஒரே இணைப்பில் பெரிய மோட்டார்கள் ஓடத் தொடங்கும் நொடியில் அது சரியும். நோட்டில் நீங்கள் குறித்த நேரங்கள் இங்கேதான் பயன்படும். யு.பி.எஸ். பேட்டரி பழசாகியிருந்தால், விளக்கு ஒருமுறை சிமிட்டினாலும் கணினி அணைந்துவிடும். முக்கியமான கோப்பு எதுவும் திறந்திராத வேளையில், யு.பி.எஸ்.ஸுக்குச் செல்லும் சுவிட்சை அணைத்து இதைச் சோதிக்கலாம். கேபினட்டைத் தொடும்போது சுருக்கென்று ஷாக் அடித்தால் எர்த் சரியில்லை. மின்பணியாளரை அழைத்துச் சரிசெய்யும்வரை மற்ற சோதனைகளை நிறுத்திவையுங்கள்.

கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் 12 வோல்ட் என்ற இடத்தில் 11.4 முதல் 12.6 வரை இருக்க வேண்டும். அளவு சரியாக இருப்பதாலேயே எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று சொல்லிவிட முடியாது. சுமை ஏறும்போது மட்டும் அது தளரக்கூடும். நன்றாக இயங்கும் இன்னொன்றைப் பொருத்திப் பார்ப்பதே நம்பகமான சோதனை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

நான்காம் படி: ராம்

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைக்குறியீடு வந்தால் ராமை (தற்காலிக நினைவகம்) சந்தேகியுங்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், பனிமூட்ட மாதங்களில் பூட்டிக் கிடக்கும் எஸ்டேட் வீட்டுக் கணினிகளில் ஈரம் ஏறி, இணைப்பு முனைகள் மங்கிவிடுவதுண்டு. ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகள்களை நீக்கிவிட்டு, ‘கிளிக்’ என்ற ஓசை கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள்.

அதன் பிறகும் கோளாறு தொடர்ந்தால், ராமைச் சோதிக்கும் ‘மெம்டெஸ்ட்86’ மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அதைப் புறக்கணிக்கக் கூடாது. இரண்டு ராம்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள்; பிறகு நல்லதென்று தெரிந்ததை மற்ற ஸ்லாட்டுக்கு மாற்றிச் சோதித்தால், பழுது ராமிலா ஸ்லாட்டிலா என்பது தெளிவாகும்.

ஐந்தாம் படி: டிஸ்க்கும் மற்றவையும்

டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ மென்பொருளில் ‘காஷன்’ (எச்சரிக்கை) என்று காட்டினால் டிஸ்க்கை மாற்றத் தயாராகுங்கள். அதில் சி.ஆர்.சி. பிழை (தரவு கடத்தலில் நேரும் பிழை) எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால், முதலில் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும், விலை குறைந்த சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். விளையாட்டின்போதோ வீடியோ தொகுப்பின்போதோ மட்டும் கணினி நின்றால், கிராஃபிக்ஸ் கார்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் சோதிக்க வேண்டும். இவை அனைத்தும் நன்றாக இருந்தால் மட்டுமே மதர்போர்டைப் பற்றிப் பேச வேண்டும். அப்போது அந்த நோட்டையும் கடைக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். வாரம் ஒருமுறை நின்ற கணினி, ஒரு மாற்றத்துக்குப் பிறகு இரண்டு நாள் ஓடியதைக் கொண்டு சரியாகிவிட்டதாகக் கருத முடியாது. குறைந்தது மூன்று வாரமாவது நிற்காமல் ஓடிய பிறகே கேபினட்டை மூடி, கடைசி ஸ்க்ரூவை முடுக்குங்கள்.