'அ'வுக்கு முன்னால் 'ட': பிள்ளைக்கு எழுதக் கற்றுத்தரும் வழி

விஜயதசமி அன்று தாம்பாளத்து அரிசியில் மகளின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தோம். மறுநாளே நோட்டும் பென்சிலும் வாங்கிவந்து அதே 'அ'வை எழுதச் சொன்னேன். நத்தை ஒன்றை வரைந்தாள். மூன்றாம் நாள் நோட்டைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். தவறு என்னுடையது. சொல்லும்போது 'அ' முதல் எழுத்து; எழுதும் கைக்கோ அது கடினமான எழுத்து. சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு என எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

ஆகவே முதல் வேலை, பென்சிலை எடுத்து உள்ளே வைப்பது. இரண்டு வாரம் விரல்களுக்கு மட்டும் பயிற்சி கொடுங்கள்: சப்பாத்தி மாவை உருட்டட்டும், பச்சைப் பட்டாணி உரிக்கட்டும், கொடியில் துணிக் கிளிப்பை மாட்டட்டும். மொட்டைமாடிச் சுவரில் தண்ணீரைத் தொட்டுத் தூரிகையால் கோடு இழுக்கட்டும். பொதுவாக மூன்று வயதில் வட்டமும், நான்கில் கூட்டல் குறியும், ஐந்தை நெருங்கும்போது சதுரமும் கைக்கு வரும். கூட்டல் குறியே வராத பிள்ளையிடம் எழுத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது சிலேட்டு. சாக்பீஸை ஓர் அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். நீளமாக இருந்தால் உள்ளங்கையால் இறுக்கிப் பிடிப்பார்கள். துண்டை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும்.

இப்போது எழுத்து. பிள்ளைக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். 'ட'வைப் பெரிதாக எழுதுங்கள். பிள்ளை விரலைத் தண்ணீரில் நனைத்து, நீங்கள் எழுதிய திசையிலேயே அதை அழிக்க வேண்டும். "மேலிருந்து கீழே, அப்படியே வலப்பக்கம்" என்று இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். ஈரம் காய்வதற்குள் அந்தத் தடத்தின் மேல் சாக்பீஸால் எழுதட்டும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

'ட' பழகியதும் அதன் வலப்பக்கக் கோட்டை மேலே ஏற்றினால் 'ப'. 'ப'வின் மேல்முனையை இடப்பக்கம் வளைத்து நடுவில் இறக்கினால் 'ம'. ஒன்றிலிருந்து ஒன்று முளைப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும்போது வரும் சிரிப்பைப் பார்க்க வேண்டும்! இங்கே சில நாள் நில்லுங்கள். இந்த மூன்றோடு புள்ளியும் காலும் சேர்ந்தால் படம், பட்டம், பாடம், மாடம், மாமா, பாப்பா எல்லாம் எழுதிவிடலாம். தனி எழுத்தை நூறு முறை எழுதவைப்பதைவிட, 'மாமா' என்று எழுதி மாமாவிடமே காட்டவைப்பது நல்லது.

பிறகு 'ர'. காலையும் இதையும் குழப்பிக்கொள்வார்கள். அடியில் சாய்ந்த வால் இருந்தால் 'ர', இல்லாவிட்டால் கால். இப்போது 'மரம்' கிடைத்துவிட்டது. அதன்பின் 'வ' போன்ற வளைவு எழுத்துகள். சுழிக்குக் கோலம்தான் பாடம்: புள்ளி வைத்து அதைச் சுற்றவிடுங்கள். 'ன', 'ண' இரண்டையும் ஒரே வாரத்தில் தொடாதீர்கள்.

கடையில் விற்கும் புள்ளிக்கோட்டு நோட்டுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமலேயே பிள்ளை புள்ளிகளை இணைத்துவிடும். கீழிருந்து மேலே எழுதும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதினால் பதறாதீர்கள். இந்த வயதில் அது சாதாரணம். இடக்கை வாகு இருந்தால் கையை மாற்றாதீர்கள். தாளை இடப்பக்கம் நகர்த்தி, அதன் மேல்முனையைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வையுங்கள்.

247 என்ற எண்ணும் மிரட்ட வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, இவற்றோடு கால், கொம்பு போன்ற சில குறிகள். மற்றவை இவை சேர்ந்து வருபவை. உகர, ஊகார வரிசைகள்தாம் கு, சு, து என்று ஆளுக்கொரு உருவம் எடுக்கும். அவற்றைக் கடைசிக்கு வையுங்கள். (1978 சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா, லை போன்றவற்றுக்கும் தனி உருவங்கள் இருந்தன. நம் பிள்ளைகள் தப்பித்தார்கள்.)

சிலேட்டில் கை நின்றபின் கோடில்லாத தாள், அதன்பிறகே இரட்டைக் கோடு நோட்டு.

என் மகள் 'அ' எழுதியது ஐந்தாவது மாதத்தில். அப்போதும் அது கொஞ்சம் நத்தை போலத்தான் இருந்தது. ஆனால் நான் சொல்லாமலே பக்கத்தில் 'ம்மா'வையும் எழுதிச் சேர்த்துவிட்டாள்.