சித்தப்பாவின் பிழையைத் திருத்துவது எப்படி

முதலில் கொஞ்சம் பொறுங்கள். புதுச்சேரிக் கடற்கரையில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு 'சுவற்றில் உட்கார்ந்திருக்கிறோம்' என்று சித்தப்பா எழுதினால் புரிகிறதுதானே, அப்புறம் எதற்கு எல்லார் முன்னாலும் வாத்தியார் வேலை, தனியாக ஒரு வரி அனுப்புங்கள். காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்: கிணறு 'று'வில் முடிவதால் கிணற்றில், சுவர் 'ர்' என்று முடிவதால் சுவரில்.

பொருளே மாறினால் மட்டும் உடனே சொல்லலாம். 'கத்தி கொண்டு வந்தான்' என்றால் கையில் ஆயுதம், 'கத்திக்கொண்டு வந்தான்' என்றால் வெறும் சத்தம்.

வாழ்த்துகளா வாழ்த்துக்களா சண்டைக்குள் போகவே போகாதீர்கள்.

அனுப்புமுன் உங்கள் வரியை ஒருமுறை படியுங்கள். நான் 'எழுத்து பிழை' என்று 'ப்' இல்லாமல் அனுப்பிவிட்டேன், அத்தை இன்னும் சிரிக்கிறார்.