யூகே ஸ்பௌஸ் விசாவுக்கு வெளிநாட்டுல இருந்து அப்ளை பண்றீங்களா, பேஸ்லிப்ல இருந்து ஆரம்பிங்க

என் மனைவி இங்க வர்றதுக்கு நாங்க அப்ளை பண்ணப்ப பாதி நாள் போட்டோ சேக்குறதுலயும் சாட் ஸ்கிரீன்ஷாட் எடுக்கறதுலயுமே போச்சு, ஆனா கடைசி வாரம் எங்களை தூங்க விடாம பண்ணது ஒரே ஒரு மாச பேஸ்லிப். இப்ப ரெண்டு நாட்டுல பிரிஞ்சு இருக்கறவங்களுக்கு அந்த வேதனை வேண்டாம், அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

மொதல்ல உங்களுக்கு எந்த விசான்னு பாத்துக்கோங்க, நிறைய பேர் இங்கயே குழம்புறாங்க. யூகேல இருக்கறவர் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுல இருந்தா நீங்க போட வேண்டியது டிபெண்டன்ட் விசா, அதுக்கு ரூல் வேற ஃபீஸ் வேற. அவர் பிரிட்டிஷ் சிட்டிசனாவோ ஐரிஷ் சிட்டிசனாவோ, ஐஎல்ஆர்ங்கற நிரந்தரமா தங்கற அனுமதி வாங்கினவராவோ இருந்தா நான் சொல்ற ஸ்பௌஸ் விசா. ரெண்டு பேருக்கும் 18 வயசு முடிஞ்சிருக்கணும். கல்யாணம் ஆகலைன்னாலும் குறைஞ்சது ரெண்டு வருஷமா கல்யாணம் மாதிரியான உறவுல இருந்தா பார்ட்னரா போடலாம், ஒரே வீட்டுல இருந்திருக்கணும்ங்கற கட்டாயத்தை 2024ல எடுத்துட்டாங்க.

இனி வருமானம், ரிஜெக்ட் ஆகாம இருக்கணும்னா இதுலதான் அதிக நேரம் போடணும். 2024 ஏப்ரல் 11ல இருந்து ஸ்பான்சருக்கு, அதாவது யூகேல இருக்கறவருக்கு, வருஷத்துக்கு 29,000 பவுண்டு வருமானம் இருக்கணும், வரி பிடிக்கறதுக்கு முன்னாடி உள்ள தொகை, மாசத்துக்கு பாத்தா 2,416 பவுண்டு 67 பென்ஸ். வெளிநாட்டுல இருந்து அப்ளை பண்றவரோட சம்பளம் எவ்வளவு பெருசா இருந்தாலும் கணக்குல வராது, யூகேல அவருக்கு வேலை ரெடியா இருக்குன்னு ஆஃபர் லெட்டர் காட்டினாலும் வராது. சேமிப்பு மட்டும் ரெண்டு பேருதும் சேரும், சம்பளமே இல்லாம சேமிப்பை மட்டும் காட்டறதுன்னா 88,500 பவுண்டு ஆறு மாசம் உங்க கையிலயே இருந்திருக்கணும். ஸ்பான்சர் பிப் மாதிரி உடல் குறைபாட்டுக்கான உதவித்தொகையோ, உடம்பு முடியாதவரை பாத்துக்கறதுக்கு தர்ற கேரர்ஸ் அலவன்ஸோ வாங்கறவரா இருந்தா இந்த 29,000 கணக்கு அவருக்கு பொருந்தாது, வேற விதமா பாப்பாங்க.

ஒரே கம்பெனில ஆறு மாசம் முடிச்சிட்டா வேலை ஈஸி. ஆறு மாச பேஸ்லிப், அதே ஆறு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட், கம்பெனி லெட்டர், மூணும் வேணும். லெட்டர்ல என்ன வேலை, வருஷ சம்பளம் எவ்வளவு, எத்தனை நாளா இருக்கார், இந்த சம்பளம் எப்ப இருந்து, பெர்மனென்டா கான்ட்ராக்டா, இவ்வளவும் இருக்கணும், சும்மா "இவர் எங்ககிட்ட வேலை பாக்கறார்"னு ஒரு வரி எழுதி தந்தா வாங்காதீங்க, திருப்பி கேளுங்க. மாச சம்பளக்காரருக்கு நடுவுல சம்பளம் ஏறியிருந்தா அந்த ஆறு மாசத்துல இருந்த கம்மியான சம்பளத்தைத்தான் எடுப்பாங்க, அதனால 27,000ல இருந்து போன மாசம்தான் 30,000 ஆச்சுன்னா அவசரப்படாம ஆறு பேஸ்லிப் வர்ற வரைக்கும் பொறுக்கறது நல்லது. வேலை மாறி ஆறு மாசம் ஆகாதவங்களுக்கும் சொந்த தொழில் பண்றவங்களுக்கும் கேட்டகரி வேற, அவங்க முழுசா ஒரு வருஷ கணக்கு காட்டணும்.

இப்ப எங்க கதை. பேஸ்லிப்பையும் ஸ்டேட்மெண்டையும் மேஜையில பக்கத்து பக்கத்துல வச்சு பென்சிலால டிக் பண்ணிட்டே வந்தேன், அஞ்சு மாசம் பைசா சுத்தமா டேலி ஆச்சு, ஆறாவது மாசம் பேஸ்லிப்ல கைக்கு வர்ற தொகை 2,061.40, பேங்க்ல விழுந்தது 2,103.90. 42 பவுண்டு 50 பென்ஸ் எங்க இருந்து வந்துச்சுன்னு மண்டை காய்ஞ்சு போச்சு, தேடிப் பாத்தா நான் ரயில்ல போன ஆபீஸ் வேலைக்கான செலவு பணத்தை சம்பளத்தோடயே சேத்து போட்டிருக்காங்க. ஹெச்ஆர்கிட்ட சொல்லி கம்பெனி லெட்டர்லயே ஒரு வரி அதை சேத்து எழுதி வாங்கினேன், கவர் லெட்டர்லயும் சொல்லிட்டோம். பேப்பரை பாக்கற அதிகாரிக்கு உங்களை தெரியாது, அவர் முன்னாடி இருக்கறது ரெண்டு நம்பர், அது ஏன் வேறயா இருக்குன்னு போன் பண்ணி கேப்பார்னு நம்பி இருக்க முடியாது.

தேதியும் முக்கியம். ஃபீஸ் கட்டற நாள்தான் அப்ளை பண்ண நாளா கணக்கு, பேஸ்லிப் ஸ்டேட்மெண்ட்ல கடைசியா உள்ளது அந்த நாளுக்கு முன்னாடி 28 நாளுக்குள்ள இருக்கணும். அதனால பேப்பர் எல்லாம் ரெடி பண்ணிட்டு, புது பேஸ்லிப் கையில வந்ததும் பணத்தை கட்டுங்க.

பணம்னா சின்ன தொகை இல்ல. வெளியில இருந்து போடறதுக்கு 2025 ஏப்ரல்ல ஃபீஸ் 1,938 பவுண்டு ஆச்சு, அது போக அரசு மருத்துவத்துக்கான ஹெல்த் சர்சார்ஜ் வருஷத்துக்கு 1,035 வீதம், 33 மாச விசாவுக்கு மூணு வருஷமா கணக்கு பண்ணி மொத்தம் 3,105. ரெண்டும் அடிக்கடி மாறும், கட்டற அன்னிக்கு அரசு சைட்ல பாத்துக்கோங்க. ரிஜெக்ட் ஆனா சர்சார்ஜ் திரும்ப வரும், ஃபீஸ் வராது.

இங்கிலீஷ் டெஸ்ட் ஏ1ங்கற ஆரம்ப லெவல், பேசறதும் கேக்கறதும் மட்டும்தான். ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 எழுதினா போதும், அது இன்னொரு கேண்டிடேட் கூட உக்காந்து பேசற மாதிரி இருக்கும், பயப்பட ஒண்ணும் இல்ல. சாதாரண ஐஇஎல்டிஎஸ் புக் பண்ணிடாதீங்க, யூகே விசாவுக்குன்னு அங்கீகாரம் உள்ள டெஸ்டா பாத்து எடுங்க. டிகிரி இங்கிலீஷ்ல படிச்சிருந்தா டிகிரியை சரிபார்க்கற எக்டிஸ்ங்கற அமைப்புகிட்ட சான்று வாங்கி டெஸ்டை தவிர்க்கலாம். இந்தியா, இலங்கைல இருந்து வர்றவங்களுக்கு டிபி டெஸ்ட் கட்டாயம், யூகே அரசு லிஸ்ட்ல உள்ள கிளினிக்லதான் எடுக்கணும், சர்டிஃபிகேட் ஆறு மாசம்தான் செல்லும், ரொம்ப முன்னாடியே எடுத்து வைக்காதீங்க.

வீட்டுக்கு டெனன்சி அக்ரிமெண்ட், கூட ஒருத்தர் தங்க ஓனர் சம்மதிக்கிற லெட்டர். ஹாலும் ரூமாத்தான் கணக்கு, ரெண்டு ரூமுக்கு மூணு பேர், மூணு ரூமுக்கு அஞ்சு பேர் வரைக்கும் ஓகே, பத்து வயசுக்கு கீழ உள்ள குழந்தை பாதி, ஒரு வயசு ஆகாதது கணக்குலயே இல்ல.

உறவுக்கான ஆதாரத்துல ஆயிரம் பக்க சாட் வேண்டாம். பழகின காலம் முழுக்க மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு, பாக்கப் போன டிக்கெட், சேந்து எடுத்த போட்டோ கொஞ்சம், திருமண சர்டிஃபிகேட். தமிழ்ல இருந்தா சர்டிஃபைடு ட்ரான்ஸ்லேஷன், மொழிபெயர்த்தவர் பேர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரத்தோட. முன்னாடி எந்த நாட்டு விசா ரிஜெக்ட் ஆகியிருந்தாலும் ஃபார்ம்ல மறைக்காம சொல்லிடுங்க, பொய்னு தெரிஞ்சா 10 வருஷம் வரைக்கும் உள்ள விடாம தடுக்கலாம்.

ரிஜெக்ட் ஆச்சுன்னா வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு அப்பீல் பண்ண 28 நாள். லெட்டரை நிதானமா படிங்க, ஒரு பேப்பர் விட்டுப் போனதுதான் காரணம்னா புதுசா அப்ளை பண்றதே சில சமயம் சீக்கிரம் முடியும், உறவையே நம்பலைன்னு எழுதியிருந்தா வக்கீலை பாத்துடுங்க.

கிடைச்சிட்டா 33 மாசம் தருவாங்க, வேலை பாக்கலாம், அரசு உதவித்தொகை வாங்க முடியாது. விசா வந்த அன்னிக்கே பேர், பிறந்த தேதி ரெண்டையும் பாஸ்போர்ட்டோட ஒப்பிட்டு பாருங்க, விசா முடியற தேதி சரியா இருக்கான்னும் பாருங்க. முடியற தேதிக்கு ஏழு மாசம் முன்னாடி போன்ல ஒரு அலாரம் வைங்க, எக்ஸ்டென்ஷனுக்கும் இதே மாதிரி பேஸ்லிப் சேக்கணும்.